எரிவாயுவில் கலந்த ஆக்சிஜன்: அகற்றும் கருவிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கரிமக் கழிவுகளிலிருந்தும் குப்பை மேடுகளிலிருந்தும் கிடைக்கும் மீத்தேனைச் சுத்திகரித்து இயற்கை எரிவாயுக் குழாய்களில் சேர்க்கும் முயற்சிகள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் நீக்கும் முறைகளைப் பொறுமையாக விளக்கியிருந்த அக்கட்டுரை, ஆக்சிஜனுக்கு மட்டும் ஒரே வரியை ஒதுக்கி, வெடிவிபத்தைத் தவிர்ப்பதற்காக அது வினையூக்கி கொண்டு அகற்றப்படுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டது. எரிவாயுச் சுத்திகரிப்பு ஆலைகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த ஒரு வரி வாசகர்களை இரண்டு விதங்களில் திசைதிருப்பக்கூடும் என்று கருதுகிறேன். இத்தனை சிறிய அளவில் கலந்திருக்கும் ஆக்சிஜனைக் கண்டு இத்துறையினர் அஞ்சுவது வெடிப்புக்காக அல்ல. அதை அகற்றும் கருவியை நிறுவுவது முதலில் செய்ய வேண்டிய வேலையும் அல்ல.

வெடிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் பற்றிக்கொள்ளும். மீத்தேன் அதைவிடக் கூடிவிட்டால், எரிவதற்குப் போதிய ஆக்சிஜன் இல்லாததால், தீப்பொறி பட்டாலும் சுடர் பரவாது. நைட்ரஜனும் உடன் கலந்திருந்தால், சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் அக்கலவையில் சுடர் பரவுவதற்குச் சுமார் 12 சதவீத ஆக்சிஜனாவது வேண்டும். அழுத்தம் ஏறும்போது எரியும் எல்லைகள் விரிவடைகின்றன என்பது உண்மையே. ஆனாலும் குழாய்வழி எரிவாயுவில் நாம் பேசுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே, பெரும்பாலும் அந்த ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கையோ ஆயிரத்தில் ஒரு பங்கையோ பற்றித்தான். இந்த அளவில் குழாய்க்குள் வெடிக்கக்கூடிய கலவை உருவாவதில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையான கேடு தண்ணீரோடு சேர்ந்து வருகிறது. உலர்ந்த எரிவாயுவில் உள்ள ஆக்சிஜன், சாதாரண வெப்பநிலையில், எஃகை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எரிவாயுக் கிணற்றிலிருந்தோ சாண எரிவாயுக் கலனிலிருந்தோ புறப்படும் வாயு ஈரமானது. உலர்த்தும் அலகை எட்டும் வரை குழாயின் தாழ்வான இடங்களில் நீர் தேங்கிக்கொண்டே வரும். அந்த நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரையும் என்பதை வாயுவில் அதன் சதவீதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சதவீதத்தையும் மொத்த அழுத்தத்தையும் பெருக்கினால் வரும் பகுதியழுத்தமே தீர்மானிக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஆலைகளில் ஒரு பிபிஎம் என்பார்கள். 100 பிபிஎம் ஆக்சிஜன் கலந்த வாயு 70 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு, அழுத்தத்தில் போகிறது என்று கொண்டால், அங்கே ஆக்சிஜனின் பகுதியழுத்தம் 0.007 பார். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 0.21 பார், அந்தக் காற்றுபட்டு நிற்கும் நீரில், 25 டிகிரி செல்சியஸில், லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதே விகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தால், குழாயின் அடியில் கிடக்கும் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 270 மைக்ரோகிராம் ஆக்சிஜன் கரைந்துவிடும். இது பெரிதா சிறிதா என்று அறிய ஓர் ஒப்பீடு போதும்: எண்ணெய் வயல்களில் கடல்நீரை நிலத்தடிக்குள் செலுத்துவதற்கு முன், எஃகுக் குழாய்களைக் காப்பதற்காக, அதிலுள்ள ஆக்சிஜனை லிட்டருக்கு 10 அல்லது 20 மைக்ரோகிராம் அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். ஆக, வாயுவில் 100 பிபிஎம் என்று காகிதத்தில் அற்பமாகத் தோன்றும் எண், அழுத்தம் ஏறிய குழாயில் அந்த வரம்பைப் பத்து மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது.

வட அமெரிக்கக் குழாய்வழி ஒப்பந்தங்கள் பலவற்றில் 0.2 சதவீதம், அதாவது 2,000 பிபிஎம், என்ற வரம்பைக் காணலாம். அதே 70 பார் அழுத்தத்தில் அந்த அளவு ஆக்சிஜன் இருந்தால், தேங்கும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கரையும். திறந்தவெளியில் காற்றுபட வைத்த நீரில் உள்ளதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அது. அந்த வரம்பை எழுதியவர்கள் மனத்தில் உலர்ந்த வாயு மட்டுமே இருந்திருக்க வேண்டும்.

எடைக் கணக்கு இன்னும் வெளிப்படையாகப் பேசும். நாளொன்றுக்கு ஒரு லட்சம் கன மீட்டர் வாயு ஓடும் குழாயில் 100 பிபிஎம் ஆக்சிஜன் என்றால், நாளொன்றுக்கு 10 கன மீட்டர் ஆக்சிஜன், அதாவது சுமார் 14 கிலோ, உள்ளே போகிறது. இரும்பு துருவாக மாறும் வேதிக் கணக்குப்படி ஒரு கிலோ ஆக்சிஜன் 2.3 கிலோ இரும்பை விழுங்கும். ஆக, அந்த ஆக்சிஜன் முழுவதும் எஃகோடு வினைபுரிய வாய்த்தால் நாள்தோறும் 30 கிலோவுக்கு மேல் இரும்பு கரையும். முழுவதும் வினைபுரிவதில்லை என்பது சரிதான். ஆனால் வினைபுரியும் பங்கு குழாயின் நீளம் முழுவதும் சீராகப் பரவியும் இருப்பதில்லை. நீர் தேங்கும் சில இடங்களிலேயே குவிந்து, அங்கே எஃகில் குழி விழுந்து, பொதுவான தேய்மானக் கணக்குக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் சுவரைத் துளைத்துவிடுகிறது.

ஹைட்ரஜன் சல்ஃபைடும் உடனிருந்தால் நிலைமை மேலும் மோசம். ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் ஓடும் குழாயில், எஃகின் மேல் இரும்பு சல்ஃபைடு படலம் படிந்து, ஓரளவு காப்பாக நின்றுவிடுவதுண்டு. ஆக்சிஜன் வந்து சேர்ந்ததும் அந்தப் படலம் சிதைந்து, இரும்பு ஆக்சைடாகவும் தனிமக் கந்தகமாகவும் மாறுகிறது. ஈரமான எஃகின் மேல் ஒட்டிய கந்தகம் தானே கடுமையான அரிமானத்தைத் தூண்டக்கூடியது. போதாததற்கு, அழுத்தம் குறைக்கும் வால்வுகளிலும் அளவுமானிகளிலும் மஞ்சள் தூளாகப் படிந்து அவற்றை இயங்கவிடாமல் செய்யும். குழாயைத் துப்புரவு செய்யும்போது வெளிவரும் கரும்பொடியில் உள்ள இரும்பு சல்ஃபைடு, காற்றுபட்டதும் தானாகவே கனன்று எரியும் இயல்புடையது என்பதையும் பராமரிப்புப் பணியாளர்கள் நன்கறிவார்கள்.

குழாயைத் தாண்டி ஆலைக்குள் வந்தால், ஆக்சிஜன் தொடாத அலகு அரிது. கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் கரைசல் ஆக்சிஜனால் சிதைந்து ஃபார்மேட், அசெட்டேட், ஆக்சலேட் போன்ற உப்புகளாக மாறுகிறது. கரைசலைக் கொதிக்க வைத்தாலும் இவை பிரிந்து போவதில்லை. உறிஞ்சும் திறனைக் குறைத்து, கரைசலையே அரிக்கும் திரவமாக ஆக்கிவிடுகின்றன. உலர்த்துவதற்குப் பயன்படும் கிளைக்கால் என்ற திரவம் கரிம அமிலங்களாகச் சிதைந்து புளித்துப்போகிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் நுண்துளைத் துகள்களான மூலக்கூறு சல்லடைப் படுகைகளை உலர்த்தி மீட்டெடுக்கும்போது 250 டிகிரியையும் தாண்டிச் சூடேற்றப்பட்ட வாயுவை அவற்றினூடே செலுத்துவார்கள். அவ்வாயுவில் ஆக்சிஜன் இருந்தால், அது சல்லடையில் ஒட்டியிருக்கும் கனமான ஹைட்ரோகார்பன்களோடு அங்கேயே வினைபுரிந்து நீரை உண்டாக்கும். உலர்த்துவதற்காகச் சூடேற்றிய படுகை தானே நீரைத் தயாரித்துக்கொண்டிருக்கும். கூடவே கரியும் படிந்து சல்லடையின் நுண்துளைகளை அடைக்கும். இப்படிப்பட்ட ஆலைகளில் அமீனை அடிக்கடி மாற்றுகிறார்கள், சல்லடை தரமற்றது என்று விற்றவரைக் குறை சொல்கிறார்கள், அரிமானத் தடுப்பு மருந்தின் அளவைக் கூட்டுகிறார்கள். மூன்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதற்குள் செலவு மூன்று கணக்குகளில் பிரிந்து மறைந்துவிடுகிறது.

இனி, இந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? என் கடிதத்தின் மையம் இந்தக் கேள்விதான். பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த இயற்கை எரிவாயுவில் ஆக்சிஜன் இருக்க வழியே இல்லை. இருந்திருந்தால் அங்குள்ள கரிமப் பொருள்களோடும் கனிமங்களோடும் என்றோ வினைபுரிந்து தீர்ந்திருக்கும். எனவே குழாயில் காணப்படும் ஒவ்வொரு பிபிஎம்மும் நாம் உள்ளே விட்டதுதான். வயதான கிணறுகளில் அழுத்தம் தணிந்த பிறகு, மிச்சமுள்ள வாயுவை இழுப்பதற்காகக் கம்ப்ரசரின் உறிஞ்சும் பக்கத்தை வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே கொண்டுபோவார்கள். அந்த நிலையில், முன்பு வாயுவைக் கசியவிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு சீலும் காஸ்கெட்டும் வால்வுத் தண்டும் இப்போது காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கும். வெளியே கசிந்தால் வாடையாவது காட்டிக்கொடுக்கும். உள்ளே கசிவதை யாரும் முகர்ந்து அறிய முடியாது. கச்சா எண்ணெய்த் தொட்டிகளில் எழும் ஆவியைப் பிடித்துத் திரும்பக் குழாயில் சேர்க்கும் அமைப்புகள் மற்றொரு வாயில். தொட்டியின் மேல்மூடி ஒன்று சரியாக மூடப்படாமல் இருந்தால் போதும், ஆவியோடு காற்றையும் சேர்த்தே கம்ப்ரசர் இழுத்துக்கொள்ளும். மீத்தேன் வளிமண்டலத்தில் கலப்பதைத் தடுக்க இவ்வாறு ஆவியைப் பிடிப்பது மிக நல்ல காரியம். ஆனால் அதன் பக்கவிளைவாக, முன்பு ஆக்சிஜன் பிரச்சினையே இல்லாத வயல்களில் அது தலைகாட்டுகிறது. நீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற படிகமாக உறைவதைத் தடுக்கக் குழாய்க்குள் செலுத்தும் மெத்தனாலும் வெறுங்கையோடு போவதில்லை; நீரைவிடப் பல மடங்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய திரவம் அது.

குப்பை மேடுகளில் நிலைமை இயல்பிலேயே கடினம். அங்கே குழாய்களைப் புதைத்து, மெல்லிய வெற்றிடத்தால் வாயுவை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. இழுப்பு சற்றுக் கூடினாலும் மேல்மண்ணின் வழியாகக் காற்று உள்ளே வரும். குறைத்தால் மீத்தேன் வெளியே கசியும். நல்ல இயக்குநர் புதைத்த ஒவ்வொரு குழாயின் வால்வையும் தனித்தனியே பார்த்துத் திருத்துவார். அவருக்குத் துணையாக இருப்பது ஓர் எளிய விகிதம். காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறத்தாழ 3.7க்கு ஒன்று என்ற அளவில் உள்ளன. வாயுவிலும் அதே விகிதம் தென்பட்டால், காற்று தரைக்கு மேலுள்ள குழாயிலோ இணைப்பிலோ புதிதாக நுழைந்திருக்கிறது. நைட்ரஜன் நிறைய இருந்து ஆக்சிஜன் மட்டும் குறைந்திருந்தால், காற்று குப்பையின் ஊடாக வந்திருக்கிறது. வழியில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டுவிட்டு, தமக்கு உதவாத நைட்ரஜனை அப்படியே விட்டிருக்கின்றன. முதல் நிலையில் ஒரு இணைப்பை இறுக்க வேண்டும். இரண்டாம் நிலையில் வால்வைத் தணிக்க வேண்டும். இயற்கை எரிவாயு வயல்களிலும் இதே விகிதம் பயன்படும்: கிணற்றின் இயல்பான நைட்ரஜன் அளவைக் கழித்த பிறகும் மிஞ்சும் நைட்ரஜனுக்கு ஏற்ற ஆக்சிஜன் காணவில்லை என்றால், காணாமற்போன பங்கு எங்கோ ஏதோ ஒன்றை ஆக்சைடாக்கிவிட்டது என்று பொருள். ஆக்சிஜன் அளவு தானாகக் குறைவதைக் கண்டு மகிழ்கிற மேலாளர் தன் எஃகு குறைவதைக் கண்டு மகிழ்கிறார்.

சாண எரிவாயு ஆலைகளிலோ, விந்தை என்னவென்றால், காற்றைப் பெரும்பாலும் வேண்டுமென்றே உள்ளே விடுகிறார்கள். செரிப்புக் கலனின் மேற்பகுதியில் சில சதவீதம் காற்றைச் செலுத்தினால், அங்கு வளரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கந்தகமாக மாற்றிவிடும். மிக மலிவான முறை என்பதால் பலரும் இதை விரும்புகிறார்கள். வாயுவை அங்கேயே எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஆலைக்கு இதில் நட்டமொன்றும் இல்லை. ஆனால் அதே ஆலை பிற்பாடு குழாய்வழிக்கு வாயு விற்க முடிவு செய்தால், மலிவாக உள்ளே விட்ட காற்றின் ஒவ்வொரு பங்கையும் மிகுந்த செலவில் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்; ஆக்சிஜனைவிட நைட்ரஜனை எடுப்பது இன்னும் கடினம். இரும்பு உப்புகளைச் செரிப்புக் கலனிலேயே சேர்த்துக் கந்தகத்தைக் கட்டிவிடும் முறைக்குக் காற்றே தேவையில்லை. உப்புக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்து அதை ஒதுக்குபவர்கள், பின்னால் வாங்கப்போகும் ஆக்சிஜன் நீக்கும் கருவியின் விலையையும் அதே தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. வேதிப்பொருளில் ஊறவைத்த கரித்துகள் படுகையில் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிப்பதற்குச் சிறிது ஆக்சிஜன் தேவைப்படும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். எனவே ஆக்சிஜன் எந்த நிலையிலும் கூடாது என்பதல்ல என் வாதம். எவ்வளவு, எங்கே, எதற்காக என்பது திட்டமிட்டதாக இருக்க வேண்டும்.

அளவீட்டில் உள்ள கண்ணிகளைச் சொல்லாமல் இந்தப் பொருளைக் கடக்க முடியாது. மாதிரி வாயுவை ஆய்வுக் கருவிக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயில் அழுத்தம் உள்ளேதான் அதிகம், காற்று எப்படி நுழையும் என்று பலர் கேட்பார்கள். ஆக்சிஜன் மொத்த அழுத்தத்தைப் பார்ப்பதில்லை; தன் பகுதியழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. வெளியே அது 0.21 பார், உள்ளே அதைவிட மிகக் குறைவு. ஆகவே அது குழாயின் சுவரினூடே ஊடுருவி உள்ளே வந்துகொண்டே இருக்கும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயைத் தவிர வேறெதையும் இந்த வேலைக்கு நம்புவதற்கில்லை. மின்வேதி உணரிகளை ஹைட்ரஜன் சல்ஃபைடு கெடுத்துவிடும். ஒளியால் அளக்கும் புதிய கருவிகள் அந்த வகையில் உறுதியானவை. வாயுவின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயுப் பிரிகை வரைவி கொண்டு அளப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. வழக்கமான மூலக்கூறு சல்லடைத் தம்பத்தில் ஆக்சிஜனும் ஆர்கானும் பிரியாமல் ஒன்றாகவே வெளிவரும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்றால் ஆர்கான் 0.93 சதவீதம். ஒரு சதவீத ஆக்சிஜன் அளவுக்குக் காற்று கலந்த வாயுவிலிருந்து ஆக்சிஜனை முற்றாக நீக்கிவிட்டாலும், ஆர்கான் 400 பிபிஎம்முக்கு மேல் அப்படியே தங்கியிருக்கும். அதை ஆக்சிஜன் என்று அறிக்கை காட்ட, நன்றாக வேலை செய்யும் கருவியைப் பழுதென்று எண்ணி, வினையூக்கியை மாற்றச் சொல்லும் கூத்தும் நடப்பதுண்டு.

வரம்பை மீறிய வாயுவைச் சுத்தமான வாயுவோடு கலந்து சராசரியைக் குறைத்துவிடலாம் என்பது ஒப்பந்தங்களில் பரவலாக உள்ள வழி. 0.2 சதவீதம் ஆக்சிஜன் உள்ள ஒரு பங்கை 99 பங்கு தூய வாயுவோடு கலந்தால் 20 பிபிஎம் என்றாகிவிடும்; பட்டியலில் எண் அழகாகத்தான் தெரியும். ஆனால் கலக்கும் இடம் வரை உள்ள குழாய் முழு அளவையும் தாங்கியாக வேண்டும். கலந்த பிறகும் உள்ளே போன ஆக்சிஜனின் மொத்த எடையில் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. தேவை குறைந்து பெருங்குழாயில் ஓட்டம் தணியும் வேளைகளில் கலவை விகிதமும் மாறிவிடும். தற்காலிக ஏற்பாடாக ஒப்புக்கொள்ளலாமே தவிர, கலப்பதைத் தீர்வு என்று அழைப்பது கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டு ஓடு மாற்றியதாகக் கணக்கு எழுதுவது போன்றது.

நுழையும் வழிகளை அடைத்த பிறகும் எஞ்சும் ஆக்சிஜனை அகற்றத்தான் வேண்டும். குப்பை மேட்டு வாயுவில் அதைத் தவிர்க்கவே முடியாது. அதற்குப் பரவலாகப் பயன்படுவது, கட்டுரை சொன்னது போல, வினையூக்கி முறையே. அலுமினாவின் மேல் பரப்பிய பல்லேடியம் அல்லது பிளாட்டினத்தின் ஊடாகச் சூடான வாயுவைச் செலுத்தினால், ஆக்சிஜன் அங்குள்ள ஹைட்ரோகார்பனில் சிறிது பகுதியை எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். கனமான ஹைட்ரோகார்பன்கள் இருந்தால் வினை எளிதில் தொடங்கும். ஹைட்ரோகார்பன்களுள் மிகவும் பிடிவாதமானது மீத்தேன் என்பதால், தூய மீத்தேனில் கூடுதல் வெப்பம் வேண்டும். இவ்வினை வெப்பம் உமிழ்வது. ஒரு சதவீத ஆக்சிஜன் எரிந்தால் வாயுவின் வெப்பநிலை சுமார் 80 டிகிரி உயரும். எனவே அரை சதவீதத்துக்கென்று வடிவமைத்த கலனில் திடீரென மூன்று சதவீதம் வந்துவிட்டால், வெப்பநிலை 240 டிகிரி எகிறிவிடும். கலனுக்கு முன்னால் ஆக்சிஜன் அளவைக் கண்காணித்து, எல்லை மீறினால் வாயுவைத் துண்டிக்கும் ஏற்பாடு இல்லாமல் இக்கருவியை இயக்கக் கூடாது. வெடிப்பைப் பற்றிக் கவலைப்படுவோர் முதலில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

கருவியை வரிசையில் எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மீத்தேன் எரியும்போது ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு ஒரு பங்கு நீராவி உண்டாகிறது. 1,000 பிபிஎம் ஆக்சிஜனை நீக்கினால் 1,000 பிபிஎம் நீராவி புதிதாகச் சேரும்; வட அமெரிக்கக் குழாய்வழிகளின் வழக்கமான ஈர வரம்போ 150 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு. ஆக, உலர்த்திய வாயுவிலிருந்து கடைசியில் ஆக்சிஜனை நீக்கினால், ஒரு வரம்பைக் காப்பாற்றி மற்றொன்றை ஏழு மடங்கு மீறுகிறோம். உலர்த்தும் அலகுக்கு முன்னாலேயே நீக்குவதுதான் முறை. அப்படிச் செய்தால் கிளைக்காலும் மூலக்கூறு சல்லடையும்கூட ஆக்சிஜனிலிருந்து தப்பிக்கும். மறுபுறம், ஹைட்ரஜன் சல்ஃபைடு சில பிபிஎம் இருந்தாலும் பல்லேடியத்தின் செயல்திறன் சரிந்துவிடும் என்பதால், கந்தக நீக்கம் அதற்கும் முன்னால் வந்தாக வேண்டும். துத்தநாக ஆக்சைடு படுகையொன்றைக் காவலாக வைப்பது வழக்கம். குப்பை மேட்டு வாயுவில் சிலிக்கான் அடங்கிய சேர்மங்களான சிலாக்சேன்கள் வேறு வரும். அவை சூட்டில் சிதைந்து மணற்படிவமாக வினையூக்கியின் மேல் ஒட்டிக்கொண்டால், பிறகு அதை மீட்க வழியில்லை. ஆகவே கந்தகம், சிலாக்சேன், ஆக்சிஜன், ஈரம் என்ற இந்த வரிசையை மாற்றி வைத்த ஆலைகளில், கருவி நல்லதாக இருந்தும் பயன் கிடைப்பதில்லை.

ஹைட்ரஜன் கைவசம் உள்ள இடங்களில் வேலை எளிது. ஆக்சிஜனின் இரு மடங்கு ஹைட்ரஜனைச் சேர்த்தால், பல்லேடியத்தின் மேல் அவ்வளவாகச் சூடேற்றாமலேயே வினை நடக்கும். ஆனால் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்களான எத்திலீன், புரொப்பிலீன் போன்றவற்றின் ஓட்டத்தில் ஹைட்ரஜன் அந்தப் பொருளையே தாக்கிவிடும் என்பதால், அங்கே நுண்ணிதாகப் பரப்பிய செம்புப் படுகையே பொருத்தம். செம்பு ஆக்சிஜனைப் பிடித்து ஆக்சைடாகும், பின்னர் சுமார் 200 டிகிரியில் ஹைட்ரஜன் கொண்டு அதை மீட்டெடுக்கலாம். அவற்றைப் பிளாஸ்டிக்காக மாற்றும் பாலிமர் வினையூக்கிகள் ஒரு பிபிஎம் ஆக்சிஜனையே தாங்காதவை என்பதால் இந்தச் செலவை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. படுகையின் கொள்ளளவு சிறியது. சில பிபிஎம்களுக்கு அது ஏற்றது, சதவீதங்களுக்கு அல்ல. பியூட்டாடையீன் தனி வகை: ஆக்சிஜன் அதில் வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடுகளை உண்டாக்கும். நாஃப்தா போன்ற திரவங்களைக் காற்றுபடும் தொட்டியில் சேமித்தால், கரைந்த ஆக்சிஜன் பின்னர் சூடேற்றும் கருவிகளில் பிசினாகப் படிந்து அவற்றை அடைக்கும். தொட்டியின் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்பி வைப்பது, பிசினைச் சுரண்டுவதைவிட எப்போதும் மலிவு.

முன்பு சொன்ன விதிவிலக்குக்கு வருகிறேன். காற்று கலந்த மீத்தேனிலிருந்து நைட்ரஜனைக் கடுங்குளிரில் பிரிக்கும் ஆலைகளில், மீத்தேன் மைனஸ் 161.5 டிகிரியிலும், ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும், நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் கொதிக்கும். ஆக்சிஜன் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், பிரிப்புக் கோபுரத்தின் இடைப்பகுதியில் சேர்ந்து செறிவடையக்கூடும். உள்ளே நுழையும்போது தீங்கற்றதாக இருந்த அளவு, கோபுரத்துக்குள் எரியும் எல்லையை எட்டிவிடலாம். நிலக்கரிச் சுரங்க மீத்தேனுக்கும் குப்பை மேட்டு வாயுவுக்கும் இந்த முறையைத் தேர்ந்தெடுப்போர், கோபுரத்துக்கு முன்பே ஆக்சிஜனை நீக்கியாக வேண்டும். இந்த ஓர் இடத்தில் கட்டுரையாளரின் அச்சம் முற்றிலும் நியாயமானது.

வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் சாண எரிவாயு உற்பத்தியாளர்களுக்கும் குழாய்வழி நிறுவனங்களுக்கும் இடையே உள்ள பூசலையும் கட்டுரை தொட்டிருந்தது. 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈஎன் 16726, 24 மணி நேரச் சராசரியாக 0.001 சதவீதம், அதாவது 10 பிபிஎம், என்று விதித்து, நிலத்தடிச் சேமிப்பகங்கள் போன்ற ஆக்சிஜனைத் தாங்காத அமைப்புகளுக்கு அந்த வாயு செல்லாது என்று காட்ட முடிந்தால் ஒரு சதவீதம் வரை அனுமதித்தது. ஆயிரம் மடங்கு வேறுபாடு கண்டு சிலர் நகைத்தார்கள். எனக்கு அது அறிவார்ந்த ஏற்பாடாகவே படுகிறது. நிலத்தடிச் சேமிப்பகத்தில் நீர் உண்டு; உலர்ந்து உள்ளே போகும் வாயு ஈரமாகத்தான் திரும்பி வரும். வீடுகளுக்கும் அடுப்புகளுக்கும் மட்டும் போகும் உலர்ந்த சிறு வலையமைப்பில் அந்தக் கவலை இல்லை. எல்லா இடங்களுக்கும் ஒரே எண் என்று கேட்பது சிறு உற்பத்தியாளரைத் தேவையின்றி நசுக்கும். தளர்ந்த எண்ணை எல்லா இடங்களுக்கும் கொடுப்பது சேமிப்பகத்தைக் கெடுக்கும். வாயு எங்கே போய்ச் சேருகிறது என்று நிறுவும் பொறுப்பு, தளர்வு கேட்பவரிடமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தப் பொருளில் தங்கள் செய்தியாளர் மீண்டும் எழுதும்போது, குழாய்வழி நுழைவாயிலில் ஆக்சிஜன் எத்தனை பிபிஎம் என்று மட்டும் ஆலைகளிடம் கேட்டு நிறுத்திவிடாமல், சுத்திகரிப்புக்கு முன் கச்சா வாயுவில் அது எவ்வளவு இருந்தது, உடனிருந்த நைட்ரஜன் எவ்வளவு, ஆர்கானை ஆக்சிஜனிலிருந்து பிரித்துக் காட்டும் கருவியால் அளந்தார்களா என்ற விவரங்களையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எரிவாயுச் சுத்திகரிப்புத் துறையில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர்